தட்டில் ஒரு காலி இடம்

என் அண்ணனுக்குப் பிள்ளைகள் மூன்று. இவள் நடுவில் பிறந்தவள். அண்ணியும் என் வீட்டுக்காரியும் ஒன்றுவிட்ட அக்கா தங்கை, ஆகையால் எப்படிச் சுற்றி வந்தாலும் இவள் எனக்கு மகள் முறைதான். ஏழு வயதில் வீட்டுக் கடிகாரத்தைக் கழற்றி, சாப்பாட்டுத் தட்டில் வரிசையாகப் பரப்பி வைத்தாள். அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் கடிகாரம் ஓடியது, தட்டில் ஒரு திருகுகூட மிச்சமில்லை. அன்றைக்கு ஒட்டிய பெயர் 'தட்டு'. பிற்பாடு விமான மெக்கானிக் ஆகி, 'இது பறக்கலாம்' என்று கையெழுத்துப் போடும் உரிமை வாங்கியபோதும் எங்கள் சின்ன விமான நிலையத்தில் அவளுக்கு அதே பெயர்தான். நான் அங்கே எரிபொருள் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

கல்யாணமும் அங்கேயே அமைந்தது. ரேடியோ அறையில் வேலை பார்த்த பையன். அவன் அப்பா, அதாவது எங்கள் சம்பந்தி, ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்றை வைத்துக்கொண்டு காட்டுக்கு அந்தப் பக்கம் தபாலும் மருந்தும் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். நல்ல மனிதர், ஆனால் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அந்த எஞ்சினில் எண்ணெய் வடிகட்ட ஒரு கம்பிச் சல்லடைதான் இருந்தது. விரல் நீளம்தான் இருக்கும். பெரிய துகளைப் பிடிக்கும், பொடியை விட்டுவிடும். அதைக் கழற்றிவிட்டுப் பில்டர் டப்பா மாட்ட வேண்டும் என்று மருமகள் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"முப்பது வருஷமா இந்தச் சல்லடைதாம்மா என்னைத் தூக்கிட்டுப் பறக்குது" என்பார் சம்பந்தி.

"தூக்குறது எஞ்சின் மாமா. சல்லடை சும்மா கூட வருது" என்பாள் இவள்.

கடைசியில் ஒரு நாள் சரி என்றார். மறுநாள் காலையிலேயே அவள் வேலையைத் தொடங்கிவிட்டாள். எஞ்சினுக்குப் பின்னால் ஒரு கை மட்டும் நுழைகிற சந்து. நான்கு போல்ட்டைக் கழற்றி, சல்லடை இருந்த கூட்டை வெளியே எடுத்து, அது பொருந்தியிருந்த எஞ்சின் முகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, எண்ணெய் கசியாமல் இருக்கப் புது கேஸ்கட் வைத்து, பில்டர் மாட்டும் தட்டையான துண்டை முடுக்கி, அதன் மேல் டப்பாவைத் திருகி, கழன்றுவிடாமல் கம்பி கட்டினாள். பாதி வேலை கண்ணாடித் துண்டில் பார்த்து, மீதி விரல் தடவிப் பார்த்து. பக்கத்திலேயே சம்பந்தி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். எஞ்சினைத் தரையில் ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு சொட்டுக் கசியவில்லை. அவள் கையெழுத்துப் போட்டாள், அவர் பறந்துவிட்டார்.

அவளுக்கு ஒரு பழக்கம். கழற்றிய பழைய சாமான் எல்லாம் அலுமினியத் தட்டில் வரிசையாக இருக்கும். விமானம் கிளம்பிய பிறகு ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் தட்டைக் காலி செய்வாள். அன்றைக்கும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

போல்ட் நாலு. வாஷர் நாலு. அதோடு சரி. சல்லடைக் கூடு இல்லை, பழைய கேஸ்கட்டும் இல்லை.

"சித்தப்பா, இங்கேருந்து யாராவது எதையாவது எடுத்தாங்களா?"

"உன் மாமனார்தான் என்னமோ பேப்பர்ல சுத்திக் கூடையில போட்டாரு. அந்தப் பக்கத்து சிநேகிதர்கிட்ட சல்லடையைக் காட்டணுமாம்."

கூடு போனதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. அந்தக் கேஸ்கட் காகிதம் மாதிரி மெல்லிசு. முப்பது வருஷச் சூட்டில் வெந்து இரும்பு நிறத்துக்கு வந்திருக்கும். கழற்றும்போது அது கூட்டோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம், எஞ்சின் முகத்திலேயே தங்கியும் இருக்கலாம். தங்கியிருந்தால் அதன் மேல்தான் புதுசை வைத்து முடுக்கியிருக்கிறாள். ஒன்றின் மேல் ஒன்று இருந்தால் தரையில் ஓட்டும்போது தாங்கும். மேலே போய்ச் சூடு ஏறினதும் எண்ணெய் அழுத்தித் தள்ளிப் பிதுக்கிவிடும். எண்ணெய் எல்லாம் வெளியே போனபின் எஞ்சின் நிற்க எவ்வளவு நேரமாகும்?

"சுரண்டினியே அம்மா?" என்றேன்.

"சுரண்டினேன். ஆனா அது வந்ததை நான் பாக்கலையே சித்தப்பா. மாமா அப்போ பேசிட்டே இருந்தாரு."

சொல்லிக்கொண்டே ஓடினாள். நானும் மூச்சிரைக்கப் பின்னால் ஓடினேன். ஆறு தாண்டினால் நாற்பது நிமிஷம் வெறும் காடு. இறங்க ஒரு முழம் இடம் கிடையாது. அவர் ஆற்றை நெருங்கிக்கொண்டிருந்தார்.

ரேடியோ அறையில் மாப்பிள்ளை இருந்தான். விஷயத்தைக் கேட்டதும் அப்பாவைக் கூப்பிட்டு மைக்கை இவளிடம் கொடுத்தான்.

"மாமா, அந்தக் கூடு உங்க கூடையிலயா இருக்கு?"

"ஆமா. அதுக்கா கூப்பிட்டே? பழைய இரும்பு."

"அதுல கேஸ்கட் ஒட்டியிருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

"கூடை பின்னால கட்டிக் கெடக்கு. நான் என்ன கொரங்கா, ஓட்டிக்கிட்டே தாவிப் பாக்க?"

"அப்ப திரும்பி வாங்க."

"என்னத்துக்கு? எண்ணெய் பிரஷர் முள் ஆணி அடிச்ச மாதிரி நிக்குது."

"கடைசிக் கரண்டி எண்ணெய் இருக்கற வரைக்கும் முள் அப்படித்தான் நிக்கும் மாமா!"

"அதெல்லாம் கூட்டோடதான் வந்திருக்கும். மருந்துக்கு ஆள் காத்துட்டு இருக்காங்க. டேய், உன் பொண்டாட்டியை மைக்கை விட்டு இறக்கு."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அன்றைக்கு மாப்பிள்ளைக்கு அதுதான். அவன் மைக்கைத் திரும்ப வாங்கவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைக் காட்டினான். ஆற்றுக்கு நான்கு நிமிஷம்.

அவள் கண்ணை மூடித் திறந்தாள். அந்த ரேடியோவை அவர் ஒருத்தர் மட்டுமா கேட்கிறார்? சுற்று வட்டாரத்தில் பறக்கிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். அவளுக்கு உரிமை கொடுத்த சோதனை அதிகாரியும் பக்கத்து நிலையத்தில் கேட்டுக்கொண்டிருப்பார். அவள் கையெழுத்துக்கு அப்போது எட்டு மாச வயசு.

"கேக்கறவங்க எல்லாரும் கேளுங்க. இந்த எஞ்சினைக் கட்டினது நான். வேலையில தப்பு இருக்கு. தப்பு என்னோடது. நான் போட்ட கையெழுத்து செல்லாது. இந்த விமானம் பறக்கக் கூடாது."

சர்ரென்று வெறும் இரைச்சல்தான் கேட்டது. யாரோ ஒரு விமானி, "பெரியவரே, திரும்புங்க" என்றார். பிறகு சம்பந்தியின் குரல் வந்தது. "திரும்பறேன்." அவ்வளவுதான்.

பதினேழு நிமிஷம். நான் தீயணைப்பு உருளையைத் தூக்கிக்கொண்டு ஓடுபாதை ஓரம் நின்றேன். அதன் கனம் எனக்குத் தெரியவே இல்லை. அவள் பக்கத்தில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. நாலு போல்ட், நாலு வாஷர்.

எஞ்சின் சத்தம்தான் முதலில் வந்தது, தடுமாறாத சத்தம். இறங்கினார். விமானத்தின் அடிவயிறு காய்ந்து கிடந்தது. அதற்குள் நாலு ஷெட்டு ஆட்களும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

அவள் நேரே எஞ்சினுக்குப் போனாள். சுடச்சுட டப்பாவைக் கழற்றினாள். எண்ணெய் மணிக்கட்டில் வழிந்தது, கையை உதறக்கூட இல்லை. டப்பா மாட்டியிருந்த தட்டைத் துண்டையும் கழற்றிக் கண்ணாடியைப் பிடித்தாள். என்னையும் பார்க்கச் சொன்னாள். எஞ்சின் முகம் அப்போதுதான் சவரம் செய்த கன்னம் மாதிரி வழவழவென்று இருந்தது. ஒரே ஒரு கேஸ்கட், அன்று காலையில் வைத்த புதுசு. வேலையில் ஒரு குறையும் இல்லை.

சம்பந்தி கூடையை எடுத்து வந்து பேப்பரைப் பிரித்தார். கூட்டின் முதுகில் பழைய கேஸ்கட் அப்பளம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்லாததுக்கா தட்டு இந்தத் தட்டு தட்டிச்சு?" என்று பின்னால் ஒருத்தன் சொன்னான். சிரித்தார்கள். அவள் கூட்டை வாங்கித் தட்டில் காலியாக இருந்த இடத்தில் வைத்தாள்.

சம்பந்தி சிரித்தவனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மருமகளிடம், "மறுபடி கட்ட எவ்வளவு நேரம்?" என்றார்.

"ஒரு மணி நேரம். பிரிச்சதுக்கு வேற கேஸ்கட் போடணும்."

"போடு" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று ரேடியோ அறைக்கு நடந்தார். ஷெட்டில் ஒலிபெருக்கி உண்டு. நாங்கள் எல்லாரும் கேட்டோம்.

"காலைல என் மருமக பேசினதைக் கேட்டவங்க இதையும் கேளுங்க. அவ வேலையில தப்பு இல்லை. பிரிச்சுப் பாத்தாச்சு. அவ தட்டுல இருந்ததைக் கேக்காம எடுத்தவன் நான். திருட்டுப் பய நான்தான். அந்தக் கையெழுத்து செல்லும்."

இரைச்சலுக்கு நடுவில் அதே விமானியின் குரல் வந்தது. "பெரியவரே, கூடையில வேற என்ன இருக்கு?"

ஷெட்டே சிரிப்பில் அதிர்ந்தது. அவள் சிரிக்கவில்லை. ஸ்பானரைப் பிடித்த கை ஒரு நொடி நின்றது, அப்புறம் திருகத் தொடங்கியது.

மருந்து அன்றைக்கு இரண்டு மணி நேரம் தாமதமாகத்தான் போயிற்று. ஏறுவதற்கு முன்னால் சம்பந்தி, யாரும் கேட்காமலே, கூடையைத் தரையில் வைத்துத் திறந்து காட்டினார். ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு, மூக்குக் கண்ணாடிக் கூடு. அவள் குனிந்து பார்த்தாள். தட்டை ஒரு தரம் பார்த்தாள். பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.