கூப்பிட்ட கை

இது யாரோ சொல்லிக் கேட்டதல்ல, நான் இருந்து பார்த்தது. அன்றைய வேலைப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. 1982 நவம்பர் 16, செவ்வாய்க்கிழமை. கொத்மலைப் பக்கம் ஒரு கட்டுமானத் தளம். நான் கிரேன் ஓட்டுநர். கீழே நிற்பவன் கையால் காட்டும் சைகைப்படிதான் சுமையை ஏற்றுவேன், இறக்குவேன். சான்றிதழ் இல்லாதவன் இனிச் சைகை காட்டக் கூடாது என்று அந்த வாரம் பரீட்சை வைத்தார்கள்.

பரீட்சகர் யேசுரட்ணம் எல்லோருக்கும் சொன்ன முதல் பாடம்: "வேலையில நிக்கிறப்ப கையால யாரையும் கூப்பிடாதீங்க." நாம் 'வா' என்று கூப்பிடும்போது உள்ளங்கை கீழே பார்க்கும், விரல்கள் மடங்கும். தூரத்துக்கு அது 'இறக்கு' போலவே தெரியும். நான் அங்கே சேருமுன், பரீட்சை நடந்த இதே அத்திவாரக் குழிக்குள் நின்று சைகை காட்டிய அழகன், மேலே நின்ற கூட்டாளியைத் தேத்தண்ணீருக்குக் கூப்பிட்டானாம். ஓட்டுநர் இறக்கிவிட்டார். அவன் மேலேயே.

மாலை 4.10. கடைசி ஆள் லியனார்ட். நானுஓயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்துக்காரன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். தேறாவிட்டால் மறுநாள் வேலை இல்லை.

"பாத்து எறக்குங்கண்ணே. இல்லாட்டி நாளைக்கு நான் தோட்டத்துப் பெரட்டுலதான் நிக்கணும்" என்று சிரித்தான். பெரட்டு என்றால் காலையில் தோட்டத்து ஆட்களைக் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடம்.

யேசுரட்ணம் கிரேன் கூண்டுக்குள் ஏறி என் முதுகுக்குப் பின்னால் நின்றார். கம்பிக்கட்டு ஒன்றைக் குழிக்குள் இறக்க வேண்டும். மூடுபனி வந்துவிட்டது. லியனார்ட்டின் மஞ்சள் கையுறைகள் மட்டும் தெரிந்தன.

4.22. 'இறக்கு.' இறக்கினேன்.

4.26. 'நிறுத்து.' நிறுத்தினேன். உடனே, அதே பக்கம் இன்னொரு அசைவு... உள்ளங்கை கீழே. விரல்கள் மடங்கின.

முந்தின நாள் பெயிலான செல்லசாமியாக இருக்குமோ? லியனார்ட்டைக் கெடுக்க வந்து நிற்கிறானோ?

பனி சற்று விலகியது. குழியின் விளிம்பில் லியனார்ட் தனியாக நின்றான். அவனுடைய இரண்டு கைகளும் 'நிறுத்து' என்றே விரிந்திருந்தன.

மூன்றாவது கை குழிக்குள்ளிருந்து எழும்பியிருந்தது.

கையுறை இல்லை.

எங்கள் கூண்டைப் பார்த்து... வா... வா...

"யாருங்க அது?" என்று யேசுரட்ணத்திடம் கேட்டேன்.

அவர் என் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

4.40க்கு இறங்கிப் போய்ப் பார்த்தோம். குழிக்குள் கணுக்கால் அளவு சேறு. ஒரு காலடித் தடம் கூட இல்லை.

"கீழ ஆளு நின்னிச்சு சார். அதான் நிப்பாட்டினேன்." என்றான் லியனார்ட். காரணமில்லாமல் நிறுத்தினால் பெயில். அது அவனுக்கும் தெரியும்.

யேசுரட்ணம் தாளில் 'தேறினான்' என்று எழுதினார். பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது. மறுநாள் அவர் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பழைய விபத்துப் பதிவேடு என் கைக்கு வந்தது. அழகன் இறந்த பக்கத்தைப் புரட்டினேன். ஓட்டுநர் பெயர்: யேசுரட்ணம்.

அதுவரை, அந்தக் கை என்னைத்தான் கூப்பிட்டது என்று நினைத்திருந்தேன்.