மோட்டார் அடங்கிய பிறகும் சுற்றிய சக்கரம்

சுவிட்சை அணைத்த பிறகு ஒரு மெஷின் எப்படி அடிக்கும்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து அக்கா இதைக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அப்போதுதான் நான் பள்ளிப் படிப்பை முடித்திருந்தேன். இயற்பியலில் நல்ல மதிப்பெண். உந்தம் என்றால் என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும், நிறை பெருக்கல் திசைவேகம் என்று ஒப்பித்திருப்பேன். அக்காவின் வலது கையில் இரண்டு விரல்கள் ஏன் இல்லை என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை.

அப்பா போன பிறகு, பத்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டு டப்பா மூடி செய்யும் பட்டறையில் சேர்ந்தவள் அக்கா. அங்கே அவள் பிரஸ் ஓட்டினாள். பிரஸ் என்பது ஆள் உயர இரும்பு. காலால் பெடலை மிதித்தால் மேலே இருக்கும் அச்சு ‘டம்’ என்று இறங்கி, தகட்டிலிருந்து ஒரு மூடியை வெட்டித் தள்ளும். மெஷினுக்குப் பின்னால், சுவர்ப்பக்கம், கம்பிவலைக்குள் ஒரு கனத்த சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். முன்னால் உட்கார்ந்து வேலை செய்பவளுக்கு அது கண்ணில் படாது.

அக்காவின் கை காற்று மாதிரி. அடுத்த மெஷினில் இருந்தவளுக்கு ரேடியோ என்று பெயர், வாய் ஓயாததால் வந்தது. “உங்கக்கா மூடி அடிக்கிற வேகத்துக்கு டப்பா செய்யறவன் உக்காந்து அழறான்டி” என்று என்னிடம் சொல்வாள்.

தகடு சிக்கிக்கொண்டால் அந்தப் பட்டறையில் ஒரே வழக்கம்தான். சுவிட்சை அணைத்த கையோடு விரலை உள்ளே விட்டு இழுத்துவிடுவார்கள். மோட்டாரின் உறுமல் நின்றால் மெஷின் செத்துவிட்டது என்று கணக்கு. யாராவது கொஞ்சம் தயங்கினால் சூப்பர்வைசர் பின்னால் வந்து நிற்பார். “என்னம்மா, மெஷினுக்குத் தாலாட்டு பாடுறியா?”

அன்றைக்கும் தகடு சிக்கியது. அக்கா சுவிட்சை அணைத்தாள். குனிந்து எட்டி எடுக்கும்போது உடம்பின் பாரம் பெடலில் இருந்த காலுக்குப் போனது. அச்சு இறங்கியது.

“நிறுத்தின மெஷின் அடிக்காது” என்றார் சூப்பர்வைசர். “ஓடவிட்டுட்டுத்தான் கைய விட்டிருக்கா. நான்தான் ஓடி வந்து அணைச்சேன். இப்ப பொய் சொல்றா.” முதலாளி நேரில் வந்து விசாரித்து முடிவு சொல்வதாக இருந்தது. சூப்பர்வைசர் சொன்னது நின்றால் அக்காவுக்கு வேலை போகும். பொய்க்காரி என்ற பேரோடு வேறு எந்தப் பட்டறை வாசலையும் மிதிக்க முடியாது.

ஆனால் அவளை அரித்தது அது மட்டும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். முதலில் கோபமாக. பிறகு கெஞ்சுவது போல.

“நான் நிஜமாவே அணைச்சேனாடி? எனக்கு அணைச்ச மாதிரிதான் ஞாபகம். ஆனா அடிச்சிருக்கே. அப்போ என் மண்டைதான் பொய் சொல்லுதா?”

அம்மாவுக்கு இதைக் கேட்கச் சகிக்கவில்லை. “யானைக்கும் அடி சறுக்கும். தப்பு என்னுதுதான்னு சொல்லிட்டு, கைய கால புடிச்சு வேலையக் காப்பாத்திக்கோ.”

“சறுக்கியிருந்தா ஒத்துக்கறேன்மா. சறுக்கலைன்னா?”

எனக்குத் தெரிந்ததெல்லாம் பாடப்புத்தகம்தான். அதை எடுத்துச் சுழற்சி இயக்கம் பாடத்தைப் பிரித்தேன். எனக்கு மனப்பாடமாக இருந்த வரிகள்தான், ஆனால் ஒன்றுமே புரியவில்லை. அக்கா இடது கையால் பக்கத்தைத் திருப்பினாள். “படிச்சுக் காட்டாத. செஞ்சு காட்டு” என்றாள்.

சைக்கிளை அறைக்குள் கொண்டுவந்து தலைகீழாக நிறுத்தினேன். “மனுஷி நிக்க இடமில்லாத வீட்டுல சைக்கிள் சிரசாசனம் பண்ணுதாம்” என்று முனகிக்கொண்டே அம்மா பாத்திரங்களை நகர்த்தினாள்.

பெடலைக் கையால் வேகமாகச் சுற்றிவிட்டு நிறுத்தினேன். பெடல் நின்றது, பின்சக்கரம் நிற்கவில்லை. தினமும் பார்ப்பதுதான், ஆனால் அன்றைக்குத்தான் இரண்டு பேரும் உற்றுப் பார்த்தோம். பிறகு களிமண்ணைப் பிசைந்து, கம்பிகளில், சக்கரத்தின் நடுவுக்குப் பக்கத்தில் அப்பினோம். சுற்றுவதில் பெரிய வித்தியாசம் இல்லை. அதே களிமண்ணை எடுத்துச் சக்கரத்தின் விளிம்பில் ஒட்டினோம். இப்போது சுற்றத் தொடங்கவே கை வலித்தது. சுற்றிய பிறகு நிறுத்துவதும் அதே பாடு. அக்கா ஒரு துணியை மடித்து அழுத்தினாள், சக்கரம் துணியைப் பிடுங்கிக்கொண்டு போனது.

நிறை எவ்வளவு என்பதோடு அது எங்கே இருக்கிறது என்பதும் கணக்கு. புத்தகம் இதை நிலைமத் திருப்புத்திறன் என்கிறது. நான் அந்தப் பெயரை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதன் கனத்தை அன்றைக்குத்தான் கையில் உணர்ந்தேன்.

“பிரஸ் சக்கரமும் விளிம்புலதான்டி தடியா இருக்கும்” என்றாள் அக்கா. “நடுவுல மெல்லிசு.”

அப்புறம் ஆற்றலுக்கு வந்தோம். வேகம் பாதியானால் ஆற்றல் பாதியாகாது, கால் பங்காகும் என்றேன். வேகத்தை வேகத்தாலேயே பெருக்குகிறோம் அல்லவா?

“இது என்ன அநியாயமா இருக்கு?” என்றாள்.

“திருப்பிப் பாருக்கா. வேகம் ரெண்டு மடங்கானா அடி நாலு மடங்கு.”

அவள் சக்கரத்தை மறுபடி சுற்றிவிட்டாள். பிறகு மெதுவாக ஒவ்வொன்றாகச் சொன்னாள். மோட்டார் மூடி வெட்டுவதில்லை. அது சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஆற்றலை ஊட்டிக்கொண்டே இருக்கிறது. பெடலை மிதித்தால் அச்சு சக்கரத்தோடு கோத்துக்கொள்கிறது. வெட்டுவது சக்கரம். மோட்டாருக்கு மின்சாரம் போனாலும் சக்கரத்துக்குள் இருப்பது போய்விடுவதில்லை.

பதில் கிடைத்துவிட்டது. அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் வெளிறியிருந்தது. “தினமும் அதுக்குள்ள கைய விட்டிருக்கோம்டி. நாங்க எல்லாருமே.”

முதலாளி வந்த அன்று நானும் பட்டறைக்குப் போனேன். அக்கா எல்லாவற்றையும் விளக்கினாள். சூப்பர்வைசர் சிரித்தார். “தங்கச்சி பாஸ் பண்ணிச்சு, அக்கா வாத்தியாராயிட்டா சார்.”

“வாயால சொன்னா போதாது. ஓட்டிக் காட்டுங்க” என்றார் முதலாளி.

சூப்பர்வைசரே அக்காவின் மெஷினை ஓடவிட்டு அணைத்தார். உடனே மிதிக்கவில்லை. துணியைத் தேடிக் கையைத் துடைத்தார். தகட்டைத் திருப்பித் திருப்பி வைத்தார். முதலாளியிடம் ஏதோ பேசினார். அதன் பிறகுதான் மிதித்தார். ‘டொக்.’ தகட்டில் ஒரு பள்ளம் மட்டும் விழுந்தது. அச்சு அதிலேயே குத்திக்கொண்டு நின்றது. சக்கரமும் நின்றுவிட்டது.

“செத்த பாம்பு சார்” என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அதற்குள் வேகம் பாதிக்கும் கீழே போயிருந்தது, ஆற்றல் கால் பங்குகூட இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

“இன்னொரு தடவை சார். உடனே மிதிக்கணும், ஒரே ஒரு தடவை” என்றாள் அக்கா. கட்டுப் போட்ட கையை இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள். முதலாளி வாசலைப் பார்த்துத் திரும்பினார். அவள் என்னைப் பார்த்த பார்வையில் பழைய கேள்வி மறுபடி வந்துவிட்டது.

அப்போது அடுத்த மெஷினின் உறுமல் சட்டென்று நின்றது. அணைத்தவள் ரேடியோ. அன்றைக்கு ஒரு வார்த்தைகூடப் பேசாதிருந்தவள். மோட்டார் சத்தம் அடங்கியதும் மிதித்தாள். ‘டம்!’ மூடி தெறித்து விழுந்தது. தகட்டை நகர்த்தி மறுபடி மிதித்தாள். ‘டம்!’ மூன்றாவது முறை அச்சு பாதி வெட்டில் சிக்கியது. ரேடியோ இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை.

முதலாளி கீழே கிடந்த மூடியையே பார்த்தார். “சரிம்மா. நீ அணைச்சது உண்மைதான். ஆனா சக்கரம் நிக்கற வரைக்கும் காத்திருக்கணும்னு தெரியாதா?”

“யாரு சார் சொன்னா?” என்றாள் ரேடியோ.

“இதெல்லாம் ஒருத்தர் சொல்லணுமா?” என்று சூப்பர்வைசர் பாய்ந்தார். அதையே முதலாளியும் பிடித்துக்கொண்டார். பொய் இல்லை, ஆனால் கவனக்குறைவு. இந்தக் கையோடு பிரஸ்ஸும் ஓட்ட முடியாது. வேலை போனது.

வெளியே நடைபாதையில் அக்கா உட்கார்ந்துவிட்டாள். “நான் அணைச்சேன்டி” என்றாள். “ஆமாக்கா” என்றேன். அதையே சொல்லிச் சொல்லி அழுதாள்.

இன்னும் அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. போகிற இடத்திலெல்லாம் முதலில் கையைத்தான் பார்க்கிறார்கள். பட்டறையில் ரேடியோவும் சிலரும் இப்போது காத்திருக்கிறார்களாம். தாலாட்டு கிண்டல் இன்னும் ஓயவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் பழையபடி கையை விடத் தொடங்கிவிட்டார்கள் என்றும் கேள்விப்பட்டேன்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் தெருவில் பிரஸ்ஸிலோ அறுவை மில்லிலோ, சக்கரம் சுற்றும் ஏதாவது ஓர் இடத்திலோ வேலை செய்பவர் ஒருவர் இருப்பார். அவருக்கு இதைப் படிக்க நேரம் இருக்காது. அக்காவுக்கு நடந்ததை உங்கள் வாயால் அவரிடம் சொல்லுங்கள். சத்தம் நின்றதும் பெடலிலிருந்து காலை எடுக்கச் சொல்லுங்கள். எழுந்து பின்னால் போய், சக்கரம் அசையாமல் நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகு கையை விடச் சொல்லுங்கள். அவரும் இன்னொருவருக்குச் சொல்லட்டும்.