ஷபானாவின் ஒன்பதாவது வியாழன்

விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலுக்கு இன்று மாலை போய் வந்தேன். ஒன்பது வியாழக்கிழமை விடாமல் போய் வேண்டிக்கொண்டால் கேட்டது கிடைக்கும் என்பது அங்கு வருகிறவர்களின் நம்பிக்கை. முதல் எட்டு வாரமும் போனது நானில்லை, என் வகுப்புத் தோழி ஷபானா. அவளுக்குப் பிறகு அவள் அம்மாவுக்கு இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. இப்போது மறுபடி பிரசவம். மதியம் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாகச் சொல்லி, அவளை அழைத்துப்போக மாமா பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"நீ போய் மெழுகுவர்த்தி ஏத்திடுடீ. இன்னிக்கு விட்டா எட்டு வாரமும் வேஸ்ட்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

என் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். அப்பா லிங்கராஜபுரத்தில் ஒரு சின்னப் பெந்தெகொஸ்தே சபையின் பாஸ்டர். சுரூபத்தின், அதாவது சிலையின், முன் மெழுகுவர்த்தி ஏற்றுவது எங்கள் சபையில் பாவம். ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொல்லிவிட்டுத்தான் போனேன். இதையும் எல்லோரும் தூங்கிய பிறகு கம்ப்யூட்டர் வெளிச்சத்தைக் குறைத்துவைத்துத்தான் எழுதுகிறேன். அதனால் என் பெயரைக் கேட்காதீர்கள்.

லிங்கராஜபுரத்திலிருந்து சிவாஜிநகருக்கு ஒரு பஸ், அங்கிருந்து விவேக் நகருக்கு இன்னொன்று. இரண்டுக்கும் சேர்த்து ஒன்பது ரூபாய். நாலரைக்கு ஏறினேன், போய்ச் சேர ஐந்தே முக்கால். இரண்டாவது பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று கண்டக்டர் கன்னடத்தில் கத்தி எல்லோரையும் முன்னால் நெருக்கிக்கொண்டே இருந்தார். சபை ஆட்கள் கண்ணில் பட்டுவிடுவேனோ என்று குனிந்தே நின்றதில் ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கித் திரும்பி நடந்தேன்.

ஜெபம் என்றால் தலையில் முக்காடு போடுவது எங்கள் வழக்கம். வாசலிலேயே துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டேன். மெழுகுவர்த்தி விற்கிற அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சாயபு வூட்டுப் பொண்ணா? உங்க ஆளுங்களும் நெறைய வருவாங்க கண்ணு. எத்தினாவது வாரம்?"

"ஒன்பது."

"அப்ப பெரிசா வாங்கு. கடைசி வாரத்துல வந்து கஞ்சத்தனம் பண்ணாத!"

பெரியது பத்து ரூபாய். நான் அவரைத் திருத்தவில்லை. என்னை ஷபானாவாகவே நினைத்துக்கொள்ளட்டும், அப்போதுதான் இந்த வாரமும் அவள் கணக்கில் சேரும் என்று பட்டது.

ஏற்றினேன். சுரூபத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. சத்தமாக ஜெபித்தே பழகியதால், "ஷபானா அம்மாவும் குழந்தையும் நல்லா இருக்கணும்" என்றது பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்டுவிட்டது. நெற்றியில் பெரிய பொட்டு வைத்திருந்த ஓர் அம்மா திரும்பி, "நல்லா இருப்பாங்கம்மா" என்றார்.

வீடு திரும்பும்போது மணி எட்டு. ஒன்பது மணி வாக்கில் போன் அடித்தது. அப்பா எடுத்துவிட்டார். கேட்டு முடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஷபானா. ஆஸ்பத்திரி பூத்ல இருந்து பேசினா. தம்பி பொறந்திருக்கானாம். ரெண்டு பேரும் சுகம். மெழுகுவர்த்தி ஏத்தினதுக்கு உனக்குத் தேங்க்ஸாம்."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார்.

"அவ அம்மா பேரு என்ன?"

எனக்குத் தெரியாது. எப்போதும் ஆன்ட்டிதான். "தெரியலப்பா."

"பேரு கூடத் தெரியாமலா ஜெபம் பண்ணிட்டு வந்த?"

அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. "மத்ததக் காலையில பேசிக்கலாம். இப்ப முழங்கால் போடு" என்றார். குடும்ப ஜெபத்தில், பெயர் வர வேண்டிய இடத்தில் தடுமாறி, "இந்தப் பிள்ளையோட சிநேகிதியின் தாயார்" என்று சொல்லி நன்றி செலுத்தினார். அம்மா ஒன்றும் புரியாமல் ஆமென் சொன்னாள்.

போக நினைப்பவர்களுக்கு: வியாழன் மாலை ஆறுக்கு மேல் வரிசை நகராது, நாலு மணிக்குள் போய்விடுங்கள். மெழுகுவர்த்தியை வாசலிலேயே வாங்கலாம். இன்னொருவருக்காகப் போவதாக இருந்தால், கிளம்பும் முன் அவர்கள் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நாளை முதல் வேலையாக நான் அதைத்தான் ஷபானாவிடம் கேட்கப் போகிறேன். அப்பா நிச்சயம் மறுபடியும் கேட்பார்.