ஆற்றோரம் அடித்த கூடாரம்

பள்ளி விடுமுறையில் ஈப்போவுக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டம் ஒன்றின் பின்னால் ஓடும் ஆற்றுக்குக் குடும்பத்தோடு போனோம். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கு. தண்ணீர் முழங்கால் அளவுதான் இருந்தது. மணல்திட்டில் கூடாரம் அடித்தோம். செருப்போடு யாரும் உள்ளே வரக்கூடாது என்று பிள்ளைகள் சட்டம் போட்டார்கள்.

மதியம் நான் கோழி வாட்டிக்கொண்டிருந்தேன். தட்டு கழுவப் போன மனைவி சட்டென்று நிமிர்ந்தாள். தெளிவாக ஓடிய தண்ணீர் கலங்கி, இலைதழைகளைச் சுமந்து வந்தது. எங்களுக்கு மேலே நல்ல வெயில். மலையில் மழை பெய்திருக்க வேண்டும்.

“பிள்ளைங்கள தூக்குங்க! தண்ணி ஏறுது!” என்று கத்தினாள்.

ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கார் நின்ற மேட்டில் ஏறினோம். திரும்பிப் பார்த்தபோது மணல்திட்டே இல்லை. கூடாரம் ஒருமுறை உப்பி, சாய்ந்து, ஆற்றின் வளைவில் மறைந்தது.

“அப்பா, நம்ம வீடு போவுதுலா,” என்றாள் மகள்.

“எடுத்துட்டு வாங்கப்பா,” என்று மகன் அழுதான்.

“போனா போகட்டும்டா,” என்றேன். அப்போது எனக்குப் பயம் தெரியவில்லை. காரில் ஏறிச் சாவியைத் திருகும்போதுதான் அது வந்தது. மனைவி பின்னிருக்கையில் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து, இருவரையும் இழுத்து அணைத்துக்கொண்டாள். வீடு வரும்வரை விடவில்லை.

மாலையில் பிள்ளைகள் நாற்காலிகளின் மேல் போர்வையைப் போட்டு, எங்களையும் உள்ளே கூப்பிட்டார்கள். நால்வரும் நெருக்கிப் படுத்தோம்.

“அடுத்த லீவுக்கும் அங்கேயே போலாமா?” என்று மகள் கேட்டாள்.

“போலாம்,” என்றாள் மனைவி. “ஆனா டெண்ட் மேட்டுலதான்.”