குழாய்க்குள் காற்று

டீசலுக்கு வரிசையில் நின்ற அந்த ஆண்டில்தான் எங்கள் குடியிருப்பில் தண்ணீர் மேலிருந்து கீழே வர ஆரம்பித்தது. அதுவரை அது கீழிருந்து மேலே வந்துகொண்டிருந்தது.

அக்குறணைக்கு மேலே, கைவிடப்பட்ட தேயிலை நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்த சரிவு அது. போஞ்சியும் தக்காளியும் கறிமிளகாயும் போட்டோம். நான் கண்டியில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். சரிவின் உச்சித் துண்டு எனக்கு. அடித்துண்டு என் தங்கையின் கணவருக்கு. அதற்கும் கீழே, பள்ளத்தில் ஓடை. ஓடைக்கரையில் இருந்த டீசல் மோட்டர் தள்ளிவிடும் தண்ணீர் மச்சானின் பாத்திகளுக்கு முதலில் பாயும். கடைசியில் என்னிடம் வந்து சேரும்போது ஒழுகும். வருடக்கணக்காக அந்த ஒழுகலைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

டீசல் கிடைக்காமல் போனபோது, மேலே பாறையடியில் இருக்கும் ஊற்றிலிருந்து குழாய் இறக்கலாம் என்று எங்கள் விவசாயச் சங்கக் கூட்டத்தில் சொன்னது நான்தான். மோட்டர் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், பூமியே தண்ணீரை இழுத்துக்கொள்ளும் என்று விளக்கினேன். எல்லாம் உண்மை. இனி முதல் தண்ணீர் யாருக்கு என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. மச்சான் சொன்னார்.

“மேல இருக்கிறவங்களுக்கு மழையும் முதல்ல, வெயிலும் முதல்ல. இப்ப தண்ணியும் முதல்லயா மச்சான்?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒருவர் தண்ணீர் எடுக்கும்போது மற்றவர்கள் வால்வை மூடிவிடுவார்கள், ஆகவே எல்லோருக்கும் ஒன்றுதான் என்றேன். சரி என்றார். பழைய மோட்டரை மட்டும் விற்க வேண்டாம், ஒரு மூலையில் கிடக்கட்டும் என்றார். குழாய் வாங்குவதற்காக அதையும் விற்க வைத்தேன்.

முதல் முறையாகக் குழாயில் தண்ணீர் வந்த அன்று என் பக்கத்துத் துண்டுக்கார அம்மா வாளியோடு வந்து நின்றார்.

“மோட்டர் இருந்தப்ப ஊரையே கூட்டிக்கிட்டு வரும். இது என்னங்க, புதுப் பொண்ணு மாதிரி சத்தமே இல்லாம வருது?”

“பழகினா சத்தம் போடும்” என்றார் மச்சான். “எங்க வீட்டுல போடலையா?”

தங்கை அவர் மேல் ஒரு போஞ்சிக்காயை எறிந்தாள்.

அந்த அம்மா சொன்னது சரி. மோட்டர் காலத்தில், ஓடும் சத்தத்தைக் கேட்டே இன்று யாருடைய முறை என்று சொல்லிவிடலாம். இப்போது தண்ணீர் எங்கே போகிறது என்பது யார் காதுக்கும் எட்டாது.

அடுத்த வறட்சியில் ஊற்று மெலிந்தது. மச்சானுடைய முறையில் ஒருநாள் என் வால்வை மூட மறந்தேன். அது மறதிதான். மாலையில் என் தக்காளிப் பாத்தி நனைந்திருப்பதைப் பார்த்தபோது விளங்கியது. அதற்குப் பிறகு அவருடைய ஒவ்வொரு முறையிலும் அது கொஞ்சம் திறந்தே இருந்தது. அது மறதி அல்ல. வால்வின் மேல் ஒரு சாக்கை மடித்துப் போட்டிருந்தேன்.

அவர் மேலே ஏறி வந்து என்னிடமே கேட்டார்.

“மச்சான், என் முறைக்கு மட்டும் தண்ணி வருதில்ல. உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். என்னவா இருக்கும்?”

“காற்று” என்றேன். குழாய் மேடேறி இறங்கும் இடங்களில் காற்று சிக்கிக்கொண்டால் தண்ணீர் தடைப்படும் என்று மண்ணில் குச்சியால் வரைந்து காட்டினேன். பாடம் சரியானது. எங்கள் குழாய்க்கு அது பொருந்தாது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அவர் ஸ்பேனரோடு குழாய் வழியே ஏறத் தொடங்கினார். ஒவ்வொரு பொருத்தாகத் தளர்த்துவார், காதை வைத்துக் கேட்பார், இறுக்குவார். “மாப்பிள்ளை காத்துப் பிடிக்கப் போறார்” என்று பக்கத்துத் துண்டுக்காரர்கள் கேலி செய்தார்கள். “பிடிச்சா உங்களுக்கும் ஒரு போத்தல்” என்பார் அவர். ஒருநாள் என் வேலிவரை வந்துவிட்டார். சாக்கு அவருக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது.

“இங்கயும் ஒருக்கா பார்க்கவா மச்சான்?”

“இங்கே நான் பார்த்திட்டேன்.”

“நீங்க பார்த்தா சரி” என்று திரும்பி இறங்கினார்.

அவருடைய போஞ்சிக் கொடிகள் கம்பிலேயே காய்ந்தன. ஓடையிலிருந்து குடத்தில் சுமந்து ஊற்றிப் பார்த்தார்கள். தங்கையின் தோள் வீங்கியதுதான் மிச்சம். இன்னொரு போகமும் அப்படியே போனது. அவர் நிலத்தை அப்படியே போட்டுவிட்டு அக்குறணையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலைக்குப் போனார். தங்கை என்னிடம், “அவருக்குக் கை ராசியில்ல அண்ணே” என்றாள். அந்த வருடம் என் தக்காளி நன்றாகக் காய்த்தது. அவளுக்கு ஒரு கூடை கொடுத்தனுப்பினேன்.

பிறகு ஒருமுறை வால்வுக்கு வாசர் வாங்க அந்தக் கடைக்குப் போனேன். புது வீட்டு மாடியில் தண்ணீர்த் தாங்கி வைத்தும் கீழே தண்ணீர் வருவதில்லை என்று ஒரு முஸ்லிம் பெரியவர் முறைப்பட்டுக்கொண்டிருந்தார். மச்சான் கடதாசி மட்டையில் கோடு போட்டு அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நான் மண்ணில் வரைந்த அதே படம்.

“உள்ளுக்குக் காத்து சிக்கியிருக்கு நானா. இதுதான் எங்க காணியையே திண்டது. இந்தா நிக்கிறாரே, எங்க மச்சான், சயன்ஸ் மாஸ்டர். இவர் சொல்லித் தந்தது.”

வந்தவர் என்னை மரியாதையாகப் பார்த்தார். அவர் போகும்வரை காத்திருந்தேன்.

“மச்சான், நம்ம பைப்பில காத்து இருக்கல்ல. உங்க முறையில என் வால்வு திறந்து இருந்தது. தெரிஞ்சுதான் வச்சிருந்தேன்.”

அவர் கையில் இருந்த மட்டையை இரண்டாக மடித்தார். இன்னும் ஒருமுறை மடித்தார்.

“வேலிக்கிட்ட கேட்டேனே.”

“கேட்டீங்க.”

உள்ளே முதலாளி எதற்கோ கூப்பிட்டார். “வாறேன் முதலாளி” என்று குரல் கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

“தங்கச்சிக்கிட்ட சொல்லிராதீங்க. அவளுக்குப் பொறந்த வீடுன்னு இருக்கிறது நீங்க ஒரு ஆள்தான்.”

வாசரைக் காசு வாங்காமல் மேசையில் வைத்தார். அதற்குப் பிறகு அவர் என்னை மச்சான் என்று கூப்பிடவில்லை. தங்கைக்கு முன்னால் மட்டும் கூப்பிடுவார். அவள் காலமாகும்வரை, அவருக்குக் கை ராசியில்லை என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

இப்போது அவள் இல்லை. அதனால் எழுதுகிறேன். என் வால்வு மூடியிருக்கிறது. மச்சானின் துண்டில் மானாப் புல் ஆளுயரம் நிற்கிறது. அவருடைய முறை நாளில் குழாய்த் தண்ணீர் அந்தப் புல்லுக்குத்தான் போகிறது.