வலிக்காத கால்

காசிமேட்டில் கயிறும் தார்ப்பாயும் விற்கும் ஞானசெல்வியை விசைப்படகுக்காரர்கள் கராத்தே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பத்தாறு வயதிலும் நைலான் கயிற்றுச் சுருளை ஒரே தூக்கில் தோளுக்கு ஏற்றிவிடுவாள். கடைக்கு வம்பு பேச வருகிறவன்கூட அவள் காலை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான்.

மகள் ஜெனியைக் கராத்தே வகுப்பில் சேர்த்துவிட்டு, வெளியே உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போய், தானும் வரிசையில் போய் நின்றவள் அவள். படிப்பு, வேலை, கல்யாணம் என்று ஜெனி நழுவிவிட்டாள். அம்மா மட்டும் விடவில்லை. யாராவது கேட்டால், உடம்பு லேசாக இருக்கிறது என்பாள். உண்மைக் காரணம் பயம். ஞானசெல்வியின் அப்பாவுக்குச் சர்க்கரை. முதலில் ஒரு விரல் போயிற்று. பிறகு பாதம். பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாமே. கடைசி நாட்களில், இல்லாத காலைச் சொறிந்துவிடச் சொல்லி அழுவார்.

உதைக்கிற உடம்பில் சர்க்கரை தங்காது என்று ஞானசெல்வி தானாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். ரத்தப் பரிசோதனைக்குக் கணவர் ஜெபசிங் கூப்பிட்டபோதெல்லாம், "எனக்கு இன்னாத்துக்கு?" என்று தட்டிக்கழித்தாள். கேட்டால்தானே பதில் வரும்.

வகுப்பு நடப்பது ராயபுரத்தில், ஒரு கல்யாண மண்டபத்து மொட்டைமாடியில். மூலையில் ஒரு மரக்கம்பம். அவள் கடைக் கயிற்றைத்தான் அதில் சுற்றியிருந்தார்கள். அதை உதைத்து உதைத்துக் கால் இறுக வேண்டும். ஆரம்பத்தில் எரிச்சல் உயிர் போகும். போன வருஷம் ஒரு நாள் பார்த்தால், எரிச்சலே இல்லை. அன்று எல்லோருக்கும் பாதுஷா வாங்கிக் கொடுத்தாள்.

"இன்னாக்கா விசேஷம்?" என்றாள் கூடப் பயிலும் தாஹிரா.

"காலு பழகிச்சுடி. இப்ப எத்த உதைச்சாலும் வலிக்கல."

"அது இன்னா காலா? ஹார்பர் தூணு!"

மாஸ்டர் அலெக்ஸாண்டரும் மெச்சிக்கொண்டார். "பாத்துக்கோங்கோ. இதுக்குப் பேருதான் பயிற்சி."

இந்த வருஷம் மழைக்காலம் முடிந்த ஒரு காலையில், நீல விரிப்பின் மேல் எல்லோரும் உதைத்துத் திரும்பியபோது தாஹிரா கத்தினாள்.

"ஐய, ரத்தம்! யாருக்கோ கால்ல அடிபட்டுக்கீது!"

விரிப்பில் அங்கங்கே சிவப்புத் திட்டு. மூத்தவள் என்ற உரிமையில் ஞானசெல்வி முன்னால் வந்தாள்.

"அல்லாரும் காலைத் தூக்குங்கோ, பாக்கறேன். ரெஜினா, உன்னுதா? காட்டு. கால்ல இன்னா ஆச்சுன்னுகூடத் தெரியாம இன்னா கராத்தே கத்துக்கினு கீறீங்கோ?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒவ்வொருத்தி பாதமாகப் பார்த்துக்கொண்டே வரிசையின் கோடிவரை நடந்தாள். யாருக்கும் ஒன்றுமில்லை. திரும்பினாள். சிரிப்பு நின்றிருந்தது. எல்லோரும் அவள் நடந்து வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சற்று முன்வரை சுத்தமாக இருந்த இடத்தில், வரிசை நெடுக, ஓர் இடது பாதம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"அக்கா," என்றாள் தாஹிரா, குரல் இறங்கி. "உன்னுதுதான்."

தார்ப்பாய் ஓரத்தில் அடிக்கிற பித்தளை வளையத்தின் உடைந்த பாதி, உள்ளங்காலில் ஆழமாக ஏறியிருந்தது. நேற்றுக் கடையில் ஏறியதா, இன்று காலை வரும் வழியிலா, அவளுக்குத் தெரியவில்லை. அலெக்ஸாண்டர் அதைப் பிடுங்கியபோது ஆ என்று அலறினாள். அந்த அலறல் பொய் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும்.

ஜெபசிங் ஓடி வந்தார். தெற்கத்தி ஊரான நாசரேத்தை விட்டு வந்து எத்தனை காலமானாலும் ஊர்ப்பேச்சு மாறாத மனிதர். ஆட்டோவில் ஏற்றித் திருவொற்றியூரில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். முன்னாலும் பின்னாலும் கண்டெய்னர் லாரிகள், வண்டி ஊர்ந்தது.

"ஏட்டி, வலிக்கா?"

"வலிக்குது," என்றாள்.

இளம் பெண் டாக்டர். புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டார். ரத்தத்தில் சர்க்கரை ஏகத்துக்கும் இருந்தது.

"இது குத்துனப்போ வலிச்சுதாம்மா?"

"வலிச்சுது. வகுப்பு நடுவுல விடக்கூடாதுன்னு பொறுத்துக்கினேன்."

"எதுக்கும் நரம்பைப் பாத்துடலாம். சுகர் ஜாஸ்தியானா கால்ல உணர்ச்சி போயிடும், வலியே தெரியாது. கண்ணை மூடிக்கோங்க. இந்த இழையால பாதத்தைத் தொடுவேன். தெரிஞ்சா ஆமான்னு சொல்லுங்க."

பாதுஷா கொடுத்த நாள் ஞானசெல்வியின் நினைவுக்கு வந்தது. கண்ணை மூடினாள்.

டாக்டரின் ஸ்டூல் கிறீச்சிட்டது. அவர் மூச்சு ஒரு கணம் நின்றது. அடிக்கப் போகிறவர் மூச்சை நிறுத்துவார். எதிராளியின் முன் நிற்கப் பழகிய காலத்திலேயே அவள் கற்றுக்கொண்டது அது.

"ஆமா," என்றாள்.

மறுபடி கிறீச். "ஆமா." சத்தமில்லாதபோது வாயைத் திறக்கவில்லை. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"நரம்பு நல்லாத்தான் இருக்கு. மாத்திரை எழுதித் தரேன். புண்ணு ஆறினதும் கராத்தேக்குப் போகலாம்."

ஜெபசிங்குக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. நடந்துகொண்டே ஜெனிக்குப் போன் போட்டார். "ஒங்கம்மைக்கு ஒண்ணுமில்லட்டி! கல்லு கணக்கா இருக்கா!" வாசலுக்கு வந்து ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டவர், அவள் காலைப் பார்த்தார்.

"ஏட்டி, இன்னொரு செருப்பு எங்க?"

கட்டுப்போட்ட கால் செருப்பில்லாமல் ஜல்லியின் மேல் நின்றுகொண்டிருந்தது. கட்டு நனைந்து சிவந்திருந்தது. டாக்டர் அறையிலிருந்து வாசல்வரை அப்படியேதான் நடந்து வந்திருக்கிறாள்.

"எட்த்துகினு வரேன்," என்று உள்ளே போனாள். செருப்பு டாக்டர் அறைக் கட்டிலடியில் கிடந்தது. அதைத் தொடவில்லை. கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள்.

"டாக்டரம்மா, நான் உங்கள ஏமாத்திட்டேன். ஸ்டூலு சத்தத்த வெச்சித்தான் சொன்னேன். இன்னொரு வாட்டி பாருங்கோ. காதுல பஞ்சு வெச்சிக்கிறேன்."

டாக்டர் அவளையே பார்த்தார். பிறகு பஞ்சை எடுத்து நீட்டினார்.

கண்ணும் காதும் அடைபட்டன. தன் நெஞ்சு அடிப்பது மட்டும் கேட்டது. பாதத்தில் ஓர் எறும்பு ஊர்ந்தால்கூடத் தெரிந்துவிட வேண்டும், கர்த்தரே, என்று வேண்டிக்கொண்டே காத்திருந்தாள்.

தோளில் ஒரு கை விழுந்தது. பஞ்சை எடுத்தாள்.

"நான் ரெடி. ஆரம்பிங்கோ."

"முடிச்சிட்டேன்மா," என்றார் டாக்டர்.

ஞானசெல்வி கண்ணைத் திறக்கவில்லை. குனிந்து, தடவித் தேடி, தன் இடது காலைப் பிடித்துக்கொண்டாள். கால்விரல்கள் வெதுவெதுப்பாக இருந்தன. கைக்குக் கால் தெரிந்தது. காலுக்குக் கை தெரியவில்லை.