எழுதாத பேனா

என் மேசை இழுப்பறையில் ஒரு நீலப் பேனா கிடக்கிறது. மூடி உண்டு, உள்ளே ரீஃபில் குச்சியும் உண்டு, மைதான் கிடையாது. வீட்டுக்கு வருகிறவர்கள் அவசரத்துக்கு அதை எடுத்து, தாளில் நாலு தடவை கிறுக்கிப் பார்த்துவிட்டு, "இதை ஏன் இன்னும் வச்சிருக்கீங்க?" என்பார்கள். நானும் முதல் நாள் அப்படித்தான் ஏமாந்தேன். எண்பதுகளின் கடைசியில், ஆவடிப் பக்கம் ஒரு தொழுநோய் மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று, ரத்தக் குழாயில் பெயர் எழுத எங்கள் தொழுநோய் இன்ஸ்பெக்டரிடம் அதைக் கடன் கேட்டேன். எழுதவில்லை. "அது எழுதற பேனா இல்ல மேடம், தொடுற பேனா. மை கீதுன்னு வெச்சுக்கோங்க, தோல்ல கோடு விழும். கண்ணத் தொறந்ததும் கோட்டப் பாத்து, இங்கதான் தொட்டீங்கன்னு காட்டிடுவாங்க," என்று சிரித்தார். வெளுத்த தேமலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க அவர் வைத்திருந்த கருவி அவ்வளவுதான். நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், பேனா முனை பட்ட இடத்தை விரலால் காட்ட வேண்டும்.

இன்ஸ்பெக்டருக்கு என் வயதுதான். பட்டாபிராமில் பிறந்து வளர்ந்தவர், பள்ளிக்கூடம் முடித்த கையோடு பயிற்சி எடுத்து, சைக்கிளில் தெருத் தெருவாகப் போய் நோயாளிகளைக் கண்டுபிடிக்கிறவர். நான் பி.எஸ்ஸி. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. போதாததற்கு அப்போதுதான் எங்கள் கூடத்துக்கு ஒரு புது ஆராய்ச்சி வந்திருந்தது. ரத்தத்தைத் தெளியவைத்து, மேலே நிற்கும் நீரைச் சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் விட்டு, மருந்து சேர்த்தால், கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய பொருள் அதில் இருந்தால் நிறம் ஏறும். அந்த நிறம் ஏறுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்க்கும். இதற்குப் பிறகு பேனாவுக்கு என்ன வேலை என்று நினைத்தேன், ஒருமுறை அவரிடமே சொல்லியும்விட்டேன். "வேல பூட்சுன்னா நல்லதுதானே மேடம், நானும் ஊட்ல குந்தலாம்," என்றார்.

அந்த நாட்களில் ஒரு தையற்கார அம்மா வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கணவருக்குப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸ் வீடு, வாசல் அறையில் தையல் மெஷின். இடது முன்கையில் வெளுத்த ஒரு வட்டம். அன்று டாக்டர் விடுப்பு, இன்ஸ்பெக்டரும் வெளியே போயிருந்தார். ரத்தம் மட்டும் எடுத்துக்கொண்டு, வியாழக்கிழமை வரச் சொன்னோம். அவருக்கு அதுவரை பொறுக்கவில்லை. நடுவில் ஒருநாள் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றார். புருஷனைத் தவிர யாருக்கும் தெரியாது, தெரிந்தால் ஒரு துணிகூடத் தைக்க வராது என்று அழுதார். தட்டு முடிவை நோயாளியிடம் சொல்லக் கூடாது என்பது சட்டம். அவர் ரத்தநீர் விட்ட குழியில் நிறம் ஏறவே இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. "ரத்தத்துல ஒண்ணுமே இல்லம்மா, நிம்மதியா போங்க," என்று சொல்லிவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வியாழக்கிழமை அவர் வரவில்லை. அடுத்த வியாழனும் வரவில்லை. இன்ஸ்பெக்டர் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே விசாரித்தபோது நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறி அன்றுதான் பார்த்தேன். "தட்டு மேல தப்பு இல்ல மேடம். உடம்புல கிருமி கம்மியா கீறவங்களுக்கு ரத்தத்துல ஒண்ணும் தெரியாது. உங்களுக்குத் தெரியாதா இன்னா?" தெரியும். படித்திருந்தேன். அழுகிற முகத்தைப் பார்த்ததும் படித்ததெல்லாம் பறந்துபோயிருந்தது.

இன்ஸ்பெக்டருடைய சைக்கிள் எங்கே நின்றாலும் அந்த வீட்டில் வியாதி என்று ஊருக்கே தெரியும். அதனால் எந்த நோயாளி வீட்டு வாசலிலும் அதை நிறுத்தமாட்டார். அந்த அம்மாவைத் தேடி இருவரும் கிளம்பிய அன்றும் ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் போட்டுவிட்டு, வழியில் என்னை ஒரு ரவிக்கைத் துணி வாங்கச் சொன்னார். நான் தைக்கக் கொடுக்க வந்தவள், அவர் துணைக்கு வந்த அண்ணன். இப்படித்தான் குவார்ட்டர்ஸுக்குள் போனோம்.

அந்த அம்மா எங்களைப் பார்த்ததும் வெளிறிப்போனார். முன்கையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட புதுத் தழும்பு இருந்தது. எப்போது சுட்டது என்று அவருக்கே தெரியவில்லை. கண்ணை மூடச் சொன்னார் இன்ஸ்பெக்டர். வலது கையில் தொட்ட இடமெல்லாம் அந்த அம்மா சரியாகக் காட்டினார். இடது சுண்டுவிரலைத் தொட்டபோது மோதிர விரலைக் காட்டினார். பிறகு பேனா அந்த வெளுத்த வட்டத்துக்கு வந்தது. ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை. அவர் கண்ணை மூடியபடியே காத்துக்கொண்டிருந்தார். "தொடுங்க சார், சும்மா நிக்கியளே," என்றார். பேனா முனை அப்போதும் அவர் தோலின் மேல்தான் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பு தடித்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் சுண்டுவிரல் மடங்கி, துணியைத் தள்ளிப் பிடிக்கும் கை போயிருக்கும். "ரத்தத்துல ஒண்ணுமில்லன்னு சொன்னியளேக்கா," என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "தப்பா சொல்லிட்டேம்மா, மன்னிச்சுக்கோங்க," என்றேன். மறுநாளே டாக்டரிடம் வந்தார். நரம்புக்குத் தனி மாத்திரை, கிருமிக்கு ஆறு மாதம் மருந்து. மாதா மாதம் ஒரு வேளை மருந்தை எங்கள் கண்ணெதிரே விழுங்க வேண்டும். அந்தப் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். போகும்போதெல்லாம் கையில் துணி வேண்டுமே, ஆறு மாதமும் துணி கொண்டுபோனேன். அந்த வருஷம் என்னிடம் இருந்த அளவுக்கு ரவிக்கை எனக்குக் கல்யாணத்துக்குக்கூட இருந்ததில்லை. இன்ஸ்பெக்டர் எண்ணிச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வார்.

அதன் பிறகு நாங்கள் நல்ல கூட்டாளிகள் ஆனோம். நிறம் அதிகம் ஏறியவர்களின் பட்டியலை நான் கொடுப்பேன், அவர்களுக்கு ஒன்றும் வெளியே தெரியாவிட்டாலும் அவர் அந்த வீடுகளுக்கு அடிக்கடி போய்ப் பார்ப்பார். "தட்டு இன்னா சொல்லுது மேடம்?" என்று அவர் கேட்க, "பேனா என்ன சொல்லுது?" என்று நான் கேட்பேன். தொண்ணூறுகளில் அவருக்கு மாற்றல் வந்தபோது பேனாவை என் மேசையில் வைத்துவிட்டு, "எவனாவது மை போட்டுடப் போறான், பத்திரம்," என்றார்.

போன மாதம் என் மகளின் கல்யாண ரவிக்கைக்காக, துணியும் அளவு ரவிக்கையுமாக வேப்பம்பட்டுக்குப் போனேன். அந்த அம்மா அங்கே சொந்த வீடு கட்டி, இன்னமும் தைக்கிறார். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். அதைப் பார்த்ததும் அவர் சிரித்துக்கொண்டு கண்ணை மூடி, இடது கையை நீட்டினார். அந்தப் பழைய வட்டத்தை நான் தொடவில்லை. அங்கே உணர்ச்சி திரும்பவில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். சுண்டுவிரல் நுனியில் மெல்ல வைத்தேன். சட்டென்று வலது கை வந்து அதே நுனியைப் பிடித்துக்கொண்டது.

"இங்கதான் தொட்டிய," என்று கண்ணைத் திறந்தார். "சரி, துணிய எடுங்கக்கா, அளவு பாக்கணும்."